கைப்பிடி இல்லாத நாற்காலி

"கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க" என்றாள் முதியோர் முகாமின் நர்ஸ். சோலைக்கனி மளமளவென்று முடித்துவிட்டாள். அவளோடு இரட்டையாய்ப் பிறந்த பேச்சிக்கனிக்கு முதல் தடவையே முட்டி நடுங்கியது. சின்ன வயதில், ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா சோலையைப் பள்ளிக்கூடத்துக்கும் பேச்சியைத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கவும் அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் மதியம் சாப்பாடு போட்டார்கள். சாயங்காலம் பேச்சி சோலையின் கையை முகர்ந்து பார்ப்பாள். "இன்னைக்கும் உப்புமாவாடி?" சோலை ஒரு நாளும் ஒரு வாய் கொண்டுவந்ததில்லை.

இரண்டாம் தடவை பேச்சி பாதி எழுந்து நாற்காலியிலேயே சரிந்தாள். சோலை கையை நீட்டினாள். "தூக்கிவிடாதீங்கம்மா, அவங்களே எந்திரிக்கணும்" என்றாள் நர்ஸ். பேச்சி அந்தக் கையைப் பற்றினாள். எழவில்லை. மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள்.