தலைமைப் பொறியாளர் இல்லாத நாள்

"மாப்பிள்ளை, வாயைத் திறங்க. தொட்டியில தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு."

ஆபீஸில் 'சார்' என்றுதான் கூப்பிடுவார் துணைப் பொறியாளர். பதற்றத்தில், தங்கை புருஷன் என்கிற உறவு முந்திக்கொண்டது.

தலைமைப் பொறியாளர் கைகட்டி உட்கார்ந்தபடியே இருந்தார். குடிநீர் நிலையத்தில் அன்று ஒத்திகை. திடீர் ஆபத்து வந்தால் ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க, பெரிய மோட்டாரை நிஜமாகவே நிறுத்தியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை. தலைமைப் பொறியாளர் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று போன் வந்தது. துணைப் பொறியாளருக்கு வியர்த்து ஊற்றியது. போன இரண்டு ஒத்திகையிலும் இதே நிபந்தனைதான். இரண்டிலும் இவர் திணற, கடைசியில் அவரே எழுந்து வந்து சரிசெய்தார். இவருடைய மானம் கப்பலேறியது. மற்ற ஊர்களில் வெள்ளம், வேலைநிறுத்தம் என்று விதவிதமாக ஒத்திகை பார்க்கிறார்கள். இங்கே மட்டும் எப்போதும் 'சார் இல்லை'. வயதில் மூத்த மச்சானை ஊழியர்கள் முன்னால் மட்டம் தட்ட இதைவிட நல்ல வழி உண்டா?

அவசரத்துக்கென்று வைத்திருந்த பழைய மோட்டாரை ஓடவிட்டார். உறுமியதே தவிர தண்ணீர் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தார். அந்த மகானோ ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. ஓடிப்போய்க் குழாயின் காற்று வால்வைத் திறந்துவிட்டார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பின்னாலேயே தண்ணீர் ஏறியது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று தகவல் வந்ததும் ஊழியர்கள் கைதட்டினார்கள்.

எல்லோரும் போனபின் துணைப் பொறியாளர் கதவைச் சாத்தினார்.

"திருப்திதானே? அடுத்த தடவையாவது வெள்ளம், புயல்னு ஏதாவது வைங்க. நீங்க இல்லாத கதையையே எத்தனை தடவை பாக்கிறது?"

"வெள்ளம் வரலாம், வராமலும் போகலாம், மச்சான்" என்றார் தலைமைப் பொறியாளர். "எனக்கு இன்னும் மூணு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."