பெட்டிக்கு ஒரு தொழுகை

“ருஷ்தா இன்றும் தொழவில்லை. காரணம் சொல்லவும்,” என்றது சுவரில் இருந்த அரசாங்கப் பெட்டி.

“எனக்குத் தொழுகை இல்ல,” என்றாள் ருஷ்தா.

மாதவிலக்கை அந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெட்டிக்கும் அந்த வழக்கு தெரியும். அது ஓய்ந்தது.

தாய் பல்கீஸ் ஓயவில்லை. பெட்டியின் காது எட்டாத அடுக்களைக்குள் மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

“உனக்கு மட்டும் மாசம் முப்பது நாளும் வருதோ?”

“சந்தேகம்னா பெட்டிகிட்டயே போய்ச் சொல்லுங்க, உம்மா.”

“வாயைப் பாரு! அது எண்ணிக்கிட்டுத்தான் இருக்கும். நாளைக்கே உன் காலேஜ் சீட்டைப் புடுங்கிட்டா?”

“மனசுல நம்பிக்கை இல்லாம குனிஞ்சு நிமிர்றது பொய்யில்லையா?”

பல்கீஸ் கையை நீட்டினாள்.

“உன் கைப்பட்டையைக் கழட்டிக் குடு.”

யார் தொழுதார்கள் என்று பெட்டிக்குச் சொல்வது அந்தப் பட்டைதான். ருஷ்தா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“எதுக்கு? காட்டிக் குடுக்கப் போறீங்களா?”

“பெத்தவளைக் கேக்குற கேள்வியா இது? குடு புள்ள.”

ருஷ்தா மனமில்லாமல் கொடுத்தாள். பல்கீஸ் தன் பட்டையைக் கழற்றிவிட்டு, மகளுடையதைக் கட்டிக்கொண்டாள். கூடத்துக்கு வந்து, “ருஷ்தா குளிச்சுச் சுத்தமாயிட்டா, இப்பத் தொழுவா,” என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுப் பாயை விரித்தாள்.

பின்னாலேயே வந்த ருஷ்தா காதோடு கேட்டாள். “எனக்காகவா தொழப்போறீங்க?”

“உனக்காக நான் எப்படித் தொழ முடியும்?” பல்கீஸும் குரலைத் தாழ்த்தினாள். “இது பெட்டிக்கு. அல்லாவுக்கு அப்புறமாத் தொழுதுக்கிறேன்.”