ஒரு சொம்புக் கடல்

கணவர் கலியமூர்த்தி சிவப்பு மூடி போட்ட கேனைத் தூக்கியதும் தங்கம் ஓரடி முன்னே வந்தாள்.

அதில் இருக்க வேண்டியது கடல். இருப்பதோ ஆர்.கே.புரத்துக் குழாய்த் தண்ணீர். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீன்கள் இரண்டும் மேலே மிதந்து வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆசிய விளையாட்டுக்காகத் தலைநகரெங்கும் பாலங்கள் எழுந்துகொண்டிருந்தன. இந்தக் குடியிருப்பிலோ நேற்று மாலை போன மின்சாரம் விடிந்தும் திரும்பவில்லை. காற்றுக் குழாய் நின்றது. மீன்கள் அண்டி வாழ்ந்த கடற்சாமந்தி செத்தது. செத்தது அழுகி, தண்ணீரைப் பால்போலக் கலக்கிவிட்டது. அதில் பாதியையாவது உடனே மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் மீன்கள் இல்லை.

"ஜல்தி, தங்கம்! அழுக்குத் தண்ணிய வாளியில இறக்கு."

இறக்கினாள். ரப்பர் குழாயைப் பிடித்தபடி கேனையே பார்த்தாள்.

வீட்டில் கடல்தொட்டி வைக்க ஆசைப்பட்டு வருவோர்க்கெல்லாம் கணவர் சொல்லும் பாடம் அவளுக்கு மனப்பாடம். அவசரப்படாதே. முதலில் கல், மணல், கடல்நீர், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் குடியேறும்வரை ஒரு மீனையும் விடாதே. தண்ணீரை ஒருபோதும் முழுதாக மாற்றாதே. சமையல் உப்பைக் கரைத்தால் கடலாகிவிடும் என்று கனவிலும் எண்ணாதே. ஆபத்து வேளைக்கென்று கொஞ்சம் கடலை எப்போதும் மூடி வை.

கடலே இல்லாத ஊரில் அந்தக் கடைசிப் பாடம் எளிதன்று. சென்னையிலிருந்து வருவோரைக் கெஞ்சிக் கூத்தாடி, ரயிலேறி வந்த கடல் அது. சிவப்பு மூடியில் ஒரு கேன், நீல மூடியில் ஒரு கேன்.

சிவப்பைக் காலி செய்தவள் தங்கம்.

போன ஆடி அமாவாசையன்று, கணவர் அலுவலகம் கிளம்பிய பிறகு, வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் சொம்பு. இத்தனை ஆண்டுகளில் அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் அருந்தியிராத பெண்கள்! புரோகிதரின்றி மேடையில் மாலை மாற்றி வந்த இவள், ஊரில் எந்தத் தெருவில் பிறந்தவள் என்று துருவித் துருவி விசாரித்தவர்கள். தெரிந்துகொண்ட நாள் முதல் இவள் நீட்டிய தம்ளரைத் தொடாதவர்கள். தாகத்துக்கு ஆகாத வீடு, அன்று புண்ணியத்துக்கு ஆகிவிட்டது.

"ஒரே ஒரு சொம்பு குடு, தங்கம். ராமேஸ்வரத்துக்கு நாங்க எங்க போறது?" என்றாள் முன்னால் நின்ற அனந்தலக்ஷ்மி மாமி. பிறகு யாரும் கேட்காமலே சிரித்துக்கொண்டு சேர்த்தாள்: "சமுத்திரத்துக்குத் தீட்டு ஏதுடி!"

கன்னத்தில் அறைந்த சொல். கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் தன் வாசலில் அவர்கள் கையேந்தி நின்ற அந்த ஒரு காலைப்பொழுதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. கடைசிச் சொம்புவரை ஊற்றினாள். பிறகு கேனைக் குழாயடியில் நிரப்பி, மூடியை இறுக்கினாள்.

இதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? தமிழ்ச் சங்க மேடையில், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும் குரல் அவருடையது. திதியும் அமாவாசையும் அறிவை அடகு வைத்தவர்களின் வேலை என்று முழங்குகிற குரல்.

கேன் தொட்டியின் விளிம்பில் சாய்ந்தது.

"அது வேணாங்க. நீலத்தை எடுங்க."

"இதே போதும்."

"நீலம்தாங்க புதுசா வந்தது. அதை ஊத்துங்க."

"நீலத்தத் தொடாதேன்னு சொல்றேன்ல!"

வீட்டில் அவர் அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு மீன் பக்கவாட்டில் சரிந்து, துடித்து, மறுபடி நிமிர்ந்தது.

சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் இரண்டு உயிர் போகும்.

சாயும் கேனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். சொன்னாள். மாமியைச் சொன்னாள், சொம்புகளைச் சொன்னாள், குழாயடியையும் சொன்னாள்.

இடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. கலியமூர்த்தி கேனைத் தரையில் வைத்தார். அவர் முகத்தில் சினம் இல்லை. அகப்பட்டுக்கொண்டவனின் வெளிறல்தான் இருந்தது.

தங்கம் அவரையும் நீல மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கேனை இழுத்தாள். தடுக்க நீண்ட அவர் கை, பாதி வழியில் தானே தாழ்ந்தது. மூடியைத் திருகி, விரலை நனைத்து, நாக்கில் வைத்தாள்.

உப்பே இல்லை.

"அப்பாவுக்காக" என்றார் கலியமூர்த்தி. மேடையை அதிரவைக்கும் குரல் தொட்டியைத் தாண்டவில்லை. "அமாவாசை அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி. மொட்டை மாடிக்குப் போய்த் தலையோட ஊத்திக்கிட்டேன்."

தங்கம் கேனைத் தள்ளிவைத்தாள். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, தண்ணீரை அளைந்து அளைந்து கலக்கினாள். காற்றுக் கலந்தால் கொஞ்ச நேரமாவது தாங்கும். அவரும் மறுபக்கம் கையை விட்டார். நுரை எழுந்தது. மீன்களின் வாய் இன்னும் மூடவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா, மாமிக்குப் பின்னால வரிசையில நிக்க வச்சிருப்பேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "உங்களுக்கும் ஒரு சொம்பு ஊத்தியிருப்பேன்."