பெர்லாவின் காவல்

மூன்று நாட்களாக வண்டிச் சாவியைக் கேட்டு வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த அப்பா, இன்று காலையில் சாவிப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அபெலார்டோவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்னப்பா, மணிக்கட்டைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

"கள்ளி முள்ளு குத்திருச்சு. டார்ட்டியா ரொட்டி ஆறுது, தின்னுட்டு வேலைக்குக் கெளம்புற வழியப் பாரு."

அரிசோனாவின் செம்புச் சுரங்கத்தில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர் அப்பா எலெயூத்தேரியோ. இப்போது ஒரு கண் சுத்தமாகப் போய்விட்டது, மற்றது பாதி. நாலு நாளைக்கு முன் பள்ளிக்கூட வாசலில் ஒரு சிறுமி இவர் வண்டியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினாள். "அவதான் குறுக்க வந்தா" என்று இவர் சாதித்தார். அன்றைக்கே அபெலார்டோ சாவியை ஒளித்துவிட்டான்.

ஒளித்த இடம் லேசுப்பட்டதல்ல. பதினோரு வருடமாக அவன் வளர்க்கும் பாலைவனச் சிலந்தி பெர்லா. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். அதன் கண்ணாடிப் பெட்டிக்குள், வளை வாசலில் கிடக்கும் தட்டைக் கல்லுக்கு அடியில் சாவி இருந்தது. பெர்லா என்று பெயரைச் சொன்னாலே அப்பா சிலுவை போட்டுக்கொள்வார். அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

கிளம்புமுன் வெட்டுக்கிளி போடப் பெட்டியைத் திறந்தவன் திடுக்கிட்டான். பெர்லாவின் பின்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வழுக்கை.

பெர்லா லேசில் கடிக்காது. யாராவது சீண்டினால் பின்னங்காலால் தன் ரோமத்தை வாரி இறைக்கும். பட்ட இடம் நாள்கணக்கில் அரிக்கும்.

கல்லைப் புரட்டினான். சாவி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவனுக்கு, அப்புறம்தான் அந்தக் கள்ளி முள் உறைத்தது. சமையலறைக்கு ஓடினான்.

"எப்பப்பா எடுத்தீங்க?"

அப்பா தட்டைவிட்டு நிமிரவில்லை. "நேத்து. நீ வேலைக்குப் போனதும். இந்த வீட்டுல நான் போகாத எடம் அது ஒண்ணுதான். வேற எங்க வச்சிருப்ப?"

"ஓட்டினீங்களா? யாருக்காவது ஏதாவது..."

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. தெருமுனை வரைக்கும்தான் போனேன். எதிர்ல வர்றது வண்டியா நிழலான்னே தெரியல. அங்கயே திருப்பிட்டேன்."

"சரி, அந்தச் சாவிய எதுக்குத் திரும்ப அங்கயே கொண்டுபோய் வச்சீங்க? பெர்லாகிட்ட இன்னொரு தரம் கைய விட பயமா இல்லையா?"

அப்பா சொறிவதை நிறுத்தினார். கண்கள் கலங்கியிருந்தன.

"ரோட்டைவிடவாடா?"