விட்டு வந்துட்டேன்

திரையின் கடைசி வரி சிவப்பாக இருந்தது: எரர் 2.

சின்னவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசி வரியைத் திட்டிப் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

எழுதிய நிரல்களை ஒன்றாகக் கோக்கும் பில்ட் ஓடும்போது ஒரு ஃபோல்டர் தனக்குள் இருக்கும் ஃபோல்டரைக் கூப்பிடும், அது தனக்குள் இருப்பதைக் கூப்பிடும். ஒவ்வொன்றும் 'உள்ளே போகிறேன்' என்று எழுதிவிட்டுத்தான் நுழையும். ஆக உள்ளே இருப்பது இடறினால், வெளியே இருப்பவை 'எனக்குள் ஒன்று விழுந்தது, நானும் விழுந்தேன்' என்று மட்டும் சொல்லும். காரணம் சொல்லாது. அதற்கு மேலே மேலே போய்ப் படிக்க வேண்டும்.

நான்கு மணிக்குள் ஓடினால் இந்த ஊரில் இன்னும் ஒரு வருடம் வேலை. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நானூறு வரிக்கு மேலே அகப்பட்டது. ஒரு கோப்பின் பெயரில் ஓர் எழுத்து குறைவு. அவளே அடித்தது. சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

அது ஓடி முடிப்பதற்குள் போனை எடுத்தாள். குடும்பக் குழுவில் நாற்பத்தொரு செய்தி.

கடைசியில் அத்தான்: "உங்க அக்கா அழுதுட்டே இருக்கா. என்னதான் பண்ணித் தொலைச்ச?"

மேலே அக்கா: "அம்மா காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

அதற்கும் மேலே அம்மா: "அப்பா மாடியில உன் ரூமைக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்கி வரல."

அப்பா இந்த வேலைக்குப் போகாதே என்றார், இவள் போனாள். இரண்டு வருடமாகக் குழுவில் அவர் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். ஓர் எழுத்து போட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய வரி இருந்தது. நேற்றுச் சாயங்காலம், இரண்டு கையிலும் பையோடு, மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே போனிடம் சொன்னது. "வேலை விட்டு வந்துட்டேன்" என்றாள். போன் எழுதியிருந்தது: "வேலை விட்டுட்டேன்."

அடப்பாவி போனே.

இந்தத் தடவை விரலால் அடித்தாள்: "ஐயோ, போன் தப்பா எழுதிடுச்சு. ரூமுக்கு வந்துட்டேன்னுதான் சொன்னேன். வேலை அப்படியே இருக்கு. அங்க வர்றதா இல்ல."

அக்கா உடனே: "எருமை."

அம்மா ஏழு இதயம் அனுப்பினாள்.

திரையில் பச்சை. மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொரு ஃபோல்டரும் 'வெளியே போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. பக்கத்து மேஜைக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

போன் எழுதிய அந்தத் தப்பு வரியைப் படம் பிடித்து அத்தானுக்கு அனுப்பலாம் என்று மறுபடி மேலே போனாள். அதற்கு நேர் கீழே இன்னொரு வரி இருந்தது. குறை சொல்லும் வரிகளை மட்டும் தேடியதில் கண்ணில் படாதது. நேற்று, அவள் அனுப்பிய இரண்டாவது நிமிடத்தில் வந்தது. அப்பா.

"சரிம்மா. வந்துரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

இன்னொரு தடவை படிப்பதற்குள், அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது.