கோட்டு போட்ட நரி

"இது நான்தானுங்க! அந்த மீசையப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க!"

வார்டன் தண்டாயுதபாணி சுவரைக் காட்டிக் கொதித்தார். நரிக்கு மீசை இருப்பது உலகத்தில் புதிதில்லை. ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது?

எருமப்பட்டியில் அந்தப் பிள்ளைகள் விடுதியின் சாப்பாட்டுக் கூடச் சுவரில், கோட்டும் கண்ணாடியும் தொப்பியும் போட்ட ஒரு நரி பணிவாக நின்றது. கீழே எழுத்து: 'நரியார் எல்லா முட்டைகளையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார்.' ஆனால் படத்தில், அவருடைய தொப்பிக்குள்ளிருந்து மஞ்சள் கரு காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

ஓவிய டீச்சர் பிரவீனா வரைந்த படம். பிள்ளைகள் பார்த்துப் பார்த்து விழுந்து சிரித்தார்கள். வார்டன் தலை தெரிந்தால் கப்சிப். அதுதான் அவரை உறுத்தியது.

விடுதித் தலைவர் காளியண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். பிள்ளைகளுக்கு முட்டை அனுப்புவது அவருடைய கோழிப்பண்ணைதான். இன்று காலைகூட முட்டை வந்து இறங்கியிருந்தது.

"ஏனம்மிணி, இவரைத்தான் வரைஞ்சியா?"

"இல்லீங்கய்யா."

வேலை போய்விடுமோ என்று பிரவீனாவுக்குப் பயம். பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். லண்டனில் அச்சானது. அதே நரி, அதே கோட்டு, அதே மீசை.

"வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துல போட்ட படக்கதைங்கய்யா. எழுத்து ஒண்ணு சொல்லும், படம் வேற சொல்லும். புள்ளைங்க அதைக் கண்டுபுடிச்சுத்தான் சிரிக்கறாங்க."

காளியண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட, போங்க சார்! உங்களுக்கு எதுக்கு வீண் சந்தேகம்?"

வார்டன் விடுவதாக இல்லை.

"புத்தகத்துல எத்தனையோ படம் இருக்குதுங்க. இதை மட்டும் எதுக்குங்க பொறுக்கி எடுத்தா? எல்லாம் அந்தச் சமையக்கார மாரக்காள் பத்தவெச்ச வேலை. ரெண்டு பேரையும் இன்னிக்கே அனுப்பிருங்க."

"மாரக்காளக்கா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலைங்க சார்" என்றாள் பிரவீனா.

"பொய்யி! என் ஸ்கூட்டர் டிக்கி தொறந்திருந்தப்பப் பக்கத்துல நின்னு பாத்தது அவ ஒருத்திதான்!"

என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் அவருக்கே உறைத்தது.

காளியண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"ஸ்கூட்டர் சாவியக் குடுங்க சார்."