தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு நாற்காலி

புயல் காலத்துக்கு முன்பே மரங்களைத் தட்டிப் பார்த்து, எது விழும் எது நிற்கும் என்று சொல்வது பியூலாவின் தொழில். நிற்கும் என்று தான் சொன்ன மரங்களில் ஒன்றின் அடியில், புயலன்று போய் உட்கார்ந்துகொள்வது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். இந்த வருஷம் மரகதவல்லி வீட்டுத் தூங்குமூஞ்சி மரம். அதை வெட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மரகதவல்லி. பியூலாதான் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டி, எழும் ஒலியைக் கேட்டுவிட்டு, தேவையில்லை என்றாள்.

காற்று ஊளையிடத் தொடங்கியதும் நாற்காலியைப் போட்டு, மழைக்கோட்டோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், உங்களுக்கென்ன பைத்தியமா? உள்ள வாங்க!" ஜன்னலிலிருந்து மரகதவல்லி கத்தினாள்.

"விழாதுன்னு நான்தானம்மா சொன்னேன்?"

கிளைகள் பேயாட்டம் ஆடின. தெருக்கோடியில் வேறொரு மரம் முறிந்து விழுந்தது. பியூலா தலையைத் தூக்கவே இல்லை.

கதவு திறந்தது. கைக்குழந்தையை மார்போடு அணைத்து, இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு மரகதவல்லி வந்தாள்.

"ஓடெல்லாம் பறக்குது மேடம். உங்களை நம்பித்தான் வந்திருக்கேன்."

பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். குழந்தை மேலே ஆடும் கிளைகளைப் பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் பியூலாவும் அண்ணாந்து பார்த்தாள்.